மீசை வைத்த கிட்டார்

ஜனவரி 9, வியாழன்

பிசியோதெரபிஸ்ட் வைதேகியின் உத்தரவு: தினமும் வலது கையால் பத்து வரி. எதை எழுதினாலும் சரியாம். என் பெயர் தனிஸ்லாஸ். வயது 59. ஊர் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. தொழில் தச்சு. கை கடுக்கிறது. பத்து வரி ஆகவில்லை. போதும்.

ஜனவரி 10

காலை இட்லி. மதியம் சங்கரா மீன். வேறு என்ன எழுதுவது?

ஜனவரி 13

நோட்டைப் பார்த்து என் மனைவி எமிலி, "கோழி கெளறின மாதிரி இருக்குது" என்றாள். கோழிக்குப் பக்கவாதம் வந்து பார்க்கட்டும்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் கதவுக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தேன். இழைப்புளி தானாகக் கையைவிட்டு இறங்கியது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், நானும் இறங்கிவிட்டேன். இப்போது கால் திரும்பிவிட்டது. வாயும் திரும்பிவிட்டது. அது கொஞ்ச நாள் கழித்துத் திரும்பியிருக்கலாம் என்பது எமிலியின் கட்சி. வலது கை பாதிதான் வந்திருக்கிறது. விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. எதைப் பிடித்திருக்கிறேன் என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

வைதேகியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், திரும்ப உளி பிடிப்பேனா என்று. "எழுதுங்க மேஸ்திரி, பார்ப்போம்" என்கிறாள். எழுதுகிறேன்.

ஜனவரி 17

வீட்டுக்குப் பின்னாலிருக்கும் என் பட்டறையில் பாதியை எமிலி ஒரு பெண்ணுக்கு விட்டுவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதற்கு, "நீங்கதான் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கறதில்லியே" என்றாள். நான் போகாததற்குக் காரணம் அங்கே புழுக்கமாக இருக்கும் என்பதுதான்.

பெண்ணின் பெயர் செலின். முப்பத்தெட்டு வயது. நெல்லித்தோப்பில் ஒரு சொல்தா வீட்டுப் பெண். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சின்ன வயதில் பிரான்ஸுக்குப் போய், அங்கேயே கிட்டார் செய்யும் தொழிலில் இறங்கி, இப்போது அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்திருக்கிறாள்.

"என்ன கிட்டாரும்மா?"

"ஜிப்சி ஜாஸ் கிட்டார், மேஸ்திரி. ஐரோப்பாவுல வண்டி கட்டிக்கினு ஊர் ஊரா போற ஜிப்சிங்க வாசிக்கிறது. மைக் இல்லாத காலத்துல, டான்ஸ் ஹால்ல நூறு பேரு ஆடற சத்தத்துக்கு மேல கேக்கணும்னு செஞ்ச டிசைன்."

இந்த ஊருக்கு வந்து அவள் செய்யும் முதல் கிட்டார் இது. சென்னையில் ஹென்றி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மார்ச் 22 அன்று கல்கத்தாவில் அவர் இதில்தான் வாசிக்க வேண்டுமாம். எனக்கு என்ன வந்தது.

ஜனவரி 21

பட்டறை வாசலில் வேப்ப மர நிழல் இருக்கிறது. அதற்காகத்தான் நாற்காலியை அங்கே போட்டேன்.

செலின் ஈட்டி மரத்தைக் காகிதம் போலச் சீவி வைத்திருக்கிறாள். அதன் கீழே வேறொரு மரம், அதற்கும் கீழே இன்னொன்று. மூன்றையும் ஒட்டி, வளைத்து, அச்சில் போட்டு இறுக்குகிறாள். கிட்டாரின் முதுகும் விலாவும் அதுதானாம்.

"இது ப்ளைவுட்டாச்சேம்மா!" என்றேன். நாற்பது வருஷமாக நான் கடைப் பலகையை வாசலுக்குள் விட்டதில்லை.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "முதுகு கல்லு மாதிரி இருந்தா சத்தத்தை உள்ள வாங்கிக்காது. அத்தனையும் முன்னால தள்ளிடும். முழு மரம்னா பாதி சத்தத்தை அதுவே சாப்பிட்டுடும் மேஸ்திரி."

பக்கத்தில் அடுப்பில் வஜ்ரம் கொதித்துக்கொண்டிருந்தது. தோலைக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசையின் நாற்றத்தை மோந்து இருபது வருஷமாவது ஆகியிருக்கும். இப்போது எல்லோரும் டப்பாவைப் பிதுக்குகிறார்கள். இவள் வஜ்ரம் காய்ச்சுகிறாள்! சாப்பாட்டுக்கு எமிலி மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

பிப்ரவரி 5

இன்று பார்த்ததை எழுதியே ஆக வேண்டும்.

கிட்டாரின் முகத்துக்கு ஸ்ப்ரூஸ் பலகை. ஆல்ப்ஸ் மலையில் குளிரில் மெதுவாக வளர்ந்த மரம். நார் ஒவ்வொன்றும் தலைசீவியதுபோல் நேராக ஓடுகிறது. கனம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. நான் என்றால் அதைத் தொட்டிலில் போட்டு ஆட்டியிருப்பேன். அவள் அதை மடிக்கப் போகிறேன் என்றாள்!

கம்பிகளின் அழுத்தம் விழும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோட்டை மட்டும் ஈரத் துணியால் நனைத்தாள். இரும்புக் குழாயை உள்ளே நெருப்பு வைத்துச் சூடாக்கினாள். பலகையை அதன்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். ஆவி வந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் கூடினால் பலகை இரண்டாகும். கொஞ்சம் குறைந்தால் ஆறியதும் திரும்ப நிமிர்ந்துகொள்ளும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மரம் இளகுவதைக் கண்ணால் பார்க்க முடியாது, கைக்குத்தான் தெரியும். நாற்பது வருஷமாக எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. "ம்" என்று ஒரு சத்தம், அவள் தொண்டையிலிருந்தா மரத்திலிருந்தா என்று தெரியவில்லை. பலகை கூரைபோல் லேசாக மடிந்து நின்றது. ஒரு நார் பிரியவில்லை.

"இந்த மடிப்புதான் முகத்துக்கு முதுகெலும்பு" என்றாள். நெற்றியில் வியர்வை.

கைதட்டலாம் என்று பார்த்தேன். இந்தக் கையை வைத்துத் தட்டினால் சத்தம் வராது. "பரவாயில்லம்மா" என்று மட்டும் சொன்னேன். கஞ்சத்தனமாகச் சொல்லிவிட்டேன் என்று இப்போது வருத்தமாக இருக்கிறது. இப்படி ஒரு வேலையை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை.

பிப்ரவரி 12

டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது. எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 20

பெட்டி மூடியாகிவிட்டது. முகத்துக்கு உள்பக்கம் ஐந்து குறுக்குச் சட்டங்கள், அத்தனையும் வஜ்ரத்தில். நடுவில் முட்டை வடிவத்தில் சின்னத் துளை. கழுத்து வால்நட் மரம். அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப் பொட்டலத்தில் நனைத்து, வட்டம் வட்டமாகத் தேய்க்கிறாள். நூறு தடவை தேய்த்தால் ஒரு காகிதக் கனம் ஏறுமாம். எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பத்து தேய்த்தாள்.

இந்தப் பெண் எதையும் மறப்பதில்லை. உளியை எடுத்த இடத்தில் வைக்கிறாள். பசையின் சூட்டைக் கைவைத்துப் பார்க்காமல் தூரிகையைத் தொடுவதில்லை. என்னிடம் வேலை பார்த்தவர்களில் இப்படி ஒருத்தன் இருந்ததில்லை. நானே இப்படி இருந்தேனா என்பது சந்தேகம்.

பிப்ரவரி 27

காலை முழுக்க ஆஸ்பத்திரி. வைதேகி என் கண்ணைக் கட்டிவிட்டு விரலில் பஞ்சு, சீப்பு, சாவி என்று வைத்து என்ன என்று கேட்டாள். மூன்றும் தப்பு.

திரும்பி வந்தால், செலின் கம்பி கட்டிச் சுருதி பார்த்து முடித்துவிட்டாளாம். நான் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் செய்ய வேண்டுமா? எமிலி பக்கத்தில் இருந்திருக்கிறாள். "ஒரு மணி நேரமா எதையோ முன்னால தள்ளறா, பின்னால தள்ளறா, கம்பியைத் தட்டறா, மறுபடி தள்ளறா. எனக்குத் தூக்கமே வந்துடுச்சு" என்றாள். எதைத் தள்ளினாள் என்றால் எமிலிக்குச் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 6

கடைசிப் பூச்சுக்காகக் கம்பிகளை அவிழ்த்துவிட்டாள். இந்தக் கிட்டாருக்கு மீசை உண்டு! கம்பிகளைத் தாங்கும் குதிரை மூன்று துண்டு. நடுவில் ஒரு கட்டை, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை போல இரண்டு துண்டுகள். இன்று மீசைகளை ஒட்டினாள். ஒட்டும் இடத்தில் மட்டும் அரக்கைச் சுரண்டி, வஜ்ரம் தடவி, இறுக்கி வைத்தாள். அழகு. பழைய கால போலீஸ்காரர் முகம் மாதிரி இருக்கிறது. நடுக்கட்டையைச் சும்மா எடுத்து நடுவில் வைத்துத் துணியால் மூடிவிட்டாள். அதை ஒட்டுவதற்குள் பசை ஆறிப் போயிருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று வலது கையால் ஒரு வேலை செய்தேன். அக்டோபருக்குப் பிறகு முதல் வேலை.

கம்பிகளின் மறுமுனையை மாட்டும் பித்தளைத் தகடு முலாம் பூச விழுப்புரம் போயிருக்கிறது. கூடவே நின்று வேலையை முடித்து அதை வாங்கிவர செலின் நேற்றே கிளம்பிவிட்டாள், நாளைதான் வருவாள். பூசை முடிந்து வந்ததும் எமிலியிடம் சாவியை வாங்கிப் பட்டறையைத் திறந்தேன். துணியை விலக்கினால் நடுக்கட்டை தனியாகக் கிடக்கிறது. மீசை இரண்டும் உறுதியாக இருக்கிறது, இது மட்டும் ஆடுகிறது. விழுப்புரம் போகும் அவசரத்தில் மறந்துவிட்டாள் பாவம். வெள்ளிக்கிழமை ஹென்றி வருகிறார்.

வஜ்ரத்தைச் சுடவைத்தேன். கட்டை கொஞ்சம் சாய்வாகக் கிடந்தது. மூலைமட்டம் வைத்து நேராக்கினேன். பென்சிலால் கோடு போட்டு, அதற்குள் மட்டும் அரக்கைச் சுரண்டினேன். கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை போகவில்லை. வலது கையால்! ஒரு மணி நேரம் ஆயிற்று. பசை வைத்து, கட்டையைப் பதித்து, மேலே எடை ஏற்றிவிட்டு உட்கார்ந்து அழுதேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அவளிடம் சொல்லப் போவதில்லை. அவளே கவனிக்கட்டும். மதியம் எமிலி செய்த கறியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 10

செலின் சாயங்காலம் வந்தாள். துணியை எடுத்தாள். நடுக்கட்டையை விரலால் தள்ளிப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் தள்ளினாள். பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"குதிரை நகரலியே."

"நகரணுமா?" என்றேன்.

"இதை எப்பவுமே ஒட்டக் கூடாது மேஸ்திரி. கம்பியோட அழுத்தத்துலதான் நிக்கணும். தள்ளித் தள்ளித்தான் சுருதி சேக்கறது. கொஞ்சம் சாய்வா நிக்கணும். இப்ப நேரா நிக்குது. இனிமே எந்தக் கம்பியும் எந்தக் கம்பியோடயும் சேராது."

கடல் காற்றின் ஈரத்தில் அரக்கு இளகிப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று சொன்னேன். இந்த மாதம் ஈரம் அதிகம்தான்.

மார்ச் 11

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 12, புதன்

நான் பொய் சொன்னேன். ஈரமும் இல்லை, காற்றும் இல்லை.

இரண்டு மாதமாக அந்தப் பெண் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. இந்த நோட்டில் நானே எழுதியும் வைத்திருக்கிறேன். இதை மட்டும் மறந்துவிட்டாள் என்று எப்படி நினைத்தேன்? அவள் மறந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அதனால்தான். ஏதாவது ஒரு வேலை எனக்காக மிச்சம் இருக்க வேண்டும் என்று ஆசை.

காலை ஏழு மணிக்கே போய்ச் சொல்லிவிட்டேன். "நான்தாம்மா ஒட்டினேன். மூலைமட்டம் வச்சு ஒட்டினேன்."

அவளுக்குத் தெரிந்திருந்தது. "அரக்கைச் சுரண்டி ஒட்டியிருக்கு. கோடு தாண்டாம சுரண்டியிருக்கு. காத்து அவ்வளவு சுத்தமா வேலை செய்யாது" என்றாள். சிரிக்கவில்லை. கண் சிவந்திருந்தது. நேற்று முழுதும் அதைப் பிரிப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வஜ்ரம் சூட்டுக்கு விட்டுக்கொடுக்கும், அதுதான் நல்ல செய்தி. கெட்ட செய்தி, உள்ளே இருக்கும் சட்டங்களும் வஜ்ரம்தான். சூடு அளவு மீறினால் அவையும் கழன்று, முகமே உட்கார்ந்துவிடும். கத்தி கொஞ்சம் கீழே சாய்ந்தால் ஸ்ப்ரூஸ் நார் உரிந்துகொண்டு வரும். புதுப் பலகை வாங்கி, மடித்து, இரண்டு நாளில் எங்கே முடிப்பது?

சூடாக்கிய மெல்லிய கத்தியை என் பக்கம் நீட்டினாள்.

"என்னாலயா? விளையாடறியா? இந்தக் கையாலயா?"

"என் கை இப்ப கோவத்துல நடுங்குது, பாருங்க" என்று காட்டினாள். நடுங்கியது. "உங்க கை நடுங்கல. நாப்பது வருஷத்துல எத்தனை கதவைப் பிரிச்சிருப்பீங்க. நீங்க ஒட்டினது எங்க கெட்டியா இருக்கும், எங்க லேசா இருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். பிரிங்க மேஸ்திரி."

உட்கார்ந்தேன். மெல்லிய சில் போல் இருந்த அந்தக் கத்தி நுனியை ஒரு மூலையில் வைத்தேன். பசை இளக நேரம் கொடுத்தேன். ஒரு நூல் உள்ளே போனது. கத்தி ஆறியது, அவள் அடுத்த கத்தியைச் சுடவைத்துக் கொடுத்தாள். இன்னொரு நூல். எமிலி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் போனாள். எமிலி பேசாமல் போவது லேசில் நடக்கும் காரியமில்லை.

பாதி தாண்டியபோது கத்தி நின்றது. பசை அல்ல, நார். நார் மேல்நோக்கிக் கிளம்பப் பார்க்கிறது. கத்தியை எடுத்து எதிர்ப் பக்கத்திலிருந்து விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கட்டை என் உள்ளங்கைக்கு வந்தது. முகத்தில் ஒரு நார் உரியவில்லை. செலின் துளைக்குள் மெல்லிய குச்சியை விட்டுச் சட்டங்களைத் தட்டிப் பார்த்தாள். ஐந்தும் இருந்தன.

"எப்படித் தெரிஞ்சுது, அங்க நிறுத்தணும்னு?" என்று கேட்டாள்.

"நார் எதுத்துதும்மா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கட்டைக்கு அடியில் நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. கத்தி நுனியில் நார் எதிர்த்தது. என் விரலுக்குத் தெரிந்தது. கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று கம்பி கட்டி, குதிரையைத் தள்ளிச் சுருதி சேர்த்தாள். இந்த முறை பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். எமிலிக்குத் தூக்கம் வந்த விஷயத்தில் எனக்கு மூச்சு நின்றது. ஒரு நூல் தள்ளினால் ஒரு கம்பி கூடுகிறது, இன்னொன்று விலகுகிறது. ஆறும் ஒத்துக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று. அந்த இடத்தில் குதிரை சாய்வாக நின்றதால், நான் சுரண்டிய இடம் முழுதும் மறையவில்லை. தடித்த கம்பிப் பக்கம் ஒரு நெல் கனத்துக்கு வெளுப்பாக ஒரு கோடு தெரிகிறது. மெல்லிய கம்பிப் பக்கம் போகப் போக ஒன்றுமில்லாமல் முடிகிறது. மறுபடி அரக்குப் பூசி மறைக்க நாளில்லை.

ஹென்றி வந்தார். ஐம்பது வயது, கூச்ச சுபாவம், வலது கை நகம் மட்டும் நீளம். கிட்டாரை மடியில் வைத்ததும் ஆள் மாறிவிட்டார். கிட்டார் என்றால் கொஞ்சும் என்று நினைத்திருந்தேன். இது சண்டைக்கு வருகிறது! ஒவ்வொரு சுரமும் உளியால் செதுக்கினதுபோல் வறண்டு, வெடித்து, உடனே அடங்கி அடுத்ததற்கு இடம் விடுகிறது. பிறகு இடது கையால் கம்பியை அமுக்கி விட்டு அமுக்கி விட்டுத் தாளம் போட்டார். பட்டறையில் தொங்கிய ரம்பமெல்லாம் கூடவே அதிர்ந்தன. எதிர்வீட்டுக்காரர் சன்னலைத் திறந்தார். அந்த மடித்த பலகைக்குள்ளிருந்தா இவ்வளவும் வருகிறது?

வாசித்து முடித்ததும் வெளுத்த கோட்டைத் தொட்டு, "இது என்னங்க?" என்றார்.

"மேஸ்திரி வச்ச அடையாளம்" என்றாள் செலின்.

"அடையாளம் இல்ல சார், தப்பு. நான் செஞ்சது" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுவிட்டு, இன்னொரு முறை வாசித்தார். "போகட்டும். சத்தத்துல கோடு இல்ல" என்று பெட்டியில் வைத்து மூடினார். அவர் போனபின் செலின் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 22, சனி

மாலை ஐந்து மணி. செலின் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தாள். பட்டறையில் சார்ஜில் இருந்த அவள் போன் அடித்தது. ஹென்றி, கல்கத்தாவிலிருந்து. குரல் உடைந்திருந்தது.

"மேடம் இல்லியா? ஐயோ. ஒரு மணி நேரத்துல கச்சேரிங்க. கம்பி மாத்தலாம்னு ஆறையும் ஒண்ணா கழட்டிட்டேன். குதிரை கையோட வந்துடுச்சு. எங்க வச்சாலும் சேரமாட்டேங்குது."

"பதறாதீங்க சார். அந்த வெளுத்த கோடு, நான் சுரண்டின தடம், இப்ப முழுசா தெரியுதா?"

"தெரியுது."

"மெல்லிசு கம்பிப் பக்கம் அந்தத் தடத்தோட முன் ஓரத்தை குதிரை சரியா மூடணும். தடிச்ச கம்பிப் பக்கம் தடம் ஒரு நெல்லுக் கனம் வெளிய தெரியணும். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். அப்படியே புடிச்சுக்கினு ரெண்டு ஓரக் கம்பிய மொதல்ல ஏத்துங்க."

போனைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. முறுக்கும் சத்தம். ஒரு கம்பி, இன்னொன்று. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஆறு கம்பியும் சேர்ந்து ஒரு முறை, சுத்தமாக. அங்கே யாரோ வங்காளத்தில் ஏதோ கத்தினார்கள். ஹென்றி, "மேஸ்திரி!" என்று மட்டும் சொன்னார்.

எமிலி எட்டிப் பார்த்து, "யாருங்க போன்ல?" என்றாள்.

"கல்கத்தா. வேலை விஷயமா" என்றேன்.

போனை வலது கையில் பிடித்திருந்தேன்.

மார்ச் 24

வைதேகி நோட்டைக் கேட்டாள், கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணைக் கட்டிச் சோதித்தாள். பஞ்சு தப்பு. சீப்பு சரி. சாவி சரி. அது பட்டறைச் சாவி என்றும் சொன்னேன். அவள் என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

செலினுக்கு அடுத்த ஆர்டர் வந்திருக்கிறது. விலாப் பலகைகளை நான் இழைக்க வேண்டுமாம், முடிகிற வரை. கடைசியில் மீசைகளை ஒட்டுவதும் என் பொறுப்பு என்று இப்போதே சொல்லிவிட்டாள். மூன்று துண்டுகளையும் இன்று செதுக்கி முடித்தாள். மீசைகள் என் மேசைமேல் இருக்கின்றன. நடுக்கட்டையை அவள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.